நிமிர்ந்து நின்ற முட்டை

வழவழப்பான சமையல் மேடையில் ஒரு முட்டை செங்குத்தாக நின்றது. விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டலாம் என்று வீட்டுக்காரர் அதை அப்படி நிறுத்தியிருந்தார். நிற்கும்வரை ஆம்லெட் ஆகும் கவலை இல்லை. அடியில் நாலைந்து உப்புப் பரல்கள் முட்டுக் கொடுத்திருந்தன.

“நீங்கள் காலடியில் கிடந்தால், உங்களால்தான் நிற்கிறேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்” என்றது முட்டை.

“எங்களால்தானே நிற்கிறீர்கள்?” என்றது ஒரு பரல்.

“முதுகெலும்பு என்று ஒன்று இருக்கிறதப்பா.”

முட்டையின் உள்ளே இருப்பது வெள்ளையும் மஞ்சளும்தான் என்று எடுத்துச் சொல்ல உப்புக்கு மனம் வரவில்லை.

முட்டை மேடைத்துணியைக் கூப்பிட்டது. “அண்ணே, இங்கே கொஞ்சம் துடைத்துவிடுங்கள்.”

“யோசித்துத்தான் சொல்கிறாயா தம்பி?”

“எனக்குச் சுத்தம் முக்கியம்.”

துணி உப்பை ஓரமாக ஒதுக்கியது. முட்டை கம்பீரமாகச் சாய்ந்து, உருண்டுபோய், மிக்சியில் மோதி விரிசல் விட்டது.

விரிசல் விட்டதை வைத்திருக்க முடியுமா? வீட்டுக்காரர் வருத்தத்தோடு வெங்காயம் நறுக்கினார். முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, ஓரத்தில் கிடந்த உப்பை எடுத்துத் தூவினார்.

“கவலைப்படாதீர்கள்,” என்றது முதலில் விழுந்த பரல். “இந்தத் தடவை நாங்கள் இருப்பதே வெளியே தெரியாது.”