எட்டுப் போட்ட லைசென்ஸ்

"நிறுத்து! இப்ப நீ ஒரு ஆளைக் கொன்னுட்டே."

அவள் பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். எட்டிப் பார்த்தால், பூட்டிக் கிடந்த கிடங்குகளுக்கு நடுவே ஈ காக்கை இல்லை. முன்சக்கரம் மட்டும் வெள்ளைக் கோட்டை ஒரு சாண் தாண்டியிருந்தது.

"யாருமே இல்லையேங்க?"

"இருந்திருந்தா?" பக்கத்து ஸீட்டில் கணவன் உதட்டைப் பிதுக்கினான். "நம்ம ஊர்ல எட்டுப் போட்டா லைசென்ஸ். இங்க எட்டு தடவை போனாலும் குடுக்க மாட்டான். ஹாரன்லேர்ந்து கையை எடு. இங்க அது கெட்ட வார்த்தை."

ஊரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து புறப்பட்டு, இவனுடைய அப்பாவை டயாலிஸிஸுக்குக் கூட்டிப் போய் வந்தவள் அவள்தான். அப்போதெல்லாம் இவன் இங்கிருந்து ஃபோனில், "நீ இருக்கே, எனக்குக் கவலையில்ல" என்பான். இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் மாட்டு வண்டி ஓட்டக்கூட லாயக்கில்லாதவள் ஆகிவிட்டாள்.

"நான் இங்க பத்து வருஷமா ஓட்டறேன். ஒரு போலீஸ்காரன் என்னை நிறுத்தியிருப்பானா?" என்று மார்தட்டினான்.

உண்மைதான். ஆனால் எங்கே போனாலும் சந்து சந்தாகச் சுற்றித்தான் போவான். "மெயின் ரோடு தண்டம். சிக்னல்லயே ஆயுசு போயிடும்" என்பான்.

டெஸ்ட் அன்றைக்கு ஒரு தெரு தள்ளியே இறக்கிவிட்டான். "உள்ள பார்க்கிங் கிடைக்காது. ஃபெயிலானா அழுதுகிட்டு வராதே, எனக்குப் பிடிக்காது."

டெஸ்ட் வைத்த அம்மாள் வழி நெடுக முகம் கொடுத்துப் பேசவில்லை. இவள் பின்னால் திரும்பிப் பார்த்து டெஸ்ட் வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியபோதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். "ரொம்ப வருஷமா ஓட்டறீங்களோ? கை சொல்லுது."

அவள் பாஸ். ஓட்டமும் நடையுமாகக் காருக்கு வந்து கார்டை நீட்டினாள். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 

"முதல் தடவையேவா?" என்றான். பிறகு இளக்காரமாகச் சிரித்தான். "பாவம்னு குடுத்திருப்பாங்க. இதை வச்சுக்கிட்டு ஸ்டியரிங் பக்கம் வந்துடாதே. உன் யோக்யதை எனக்குத் தெரியும்."

அவள் கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

வழக்கமான சந்தில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மெயின் ரோட்டில் ஏறினான். வளைவு திரும்பியதும், தூரத்தில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி விசாரிப்பது தெரிந்தது.

கார் சட்டென்று ஓரங்கட்டி நின்றது. அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

"இறங்கு. இந்தப் பக்கம் வந்து நீ ஓட்டு."

"நானா? இப்பத்தானே என் யோக்யதை தெரியும்னீங்க?"

"கத்தாதே. சீக்கிரம் வா."

"காரணத்தைச் சொல்லுங்க, வரேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான்.

"நம்ம வீட்டுல லைசென்ஸ் இருக்கறது உனக்கு மட்டும்தான்."