நாலு பேர் சொன்ன முடிவு

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை டாக்டர் பிலோமினா. அடியில் இருந்தது அவருடைய கணவர் ராயப்பனின் மூளையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு. புற்றுநோயா, வெறும் வீக்கமா? பிடிபடவில்லை.

சந்தேகம் வந்தால் புற்றுநோய் என்றே எழுதிவிடுவது அவருடைய முப்பது வருடப் பழக்கம். இன்று கை வரவில்லை. சிகிச்சை செய்தால் ராயப்பனின் பேச்சு போய்விடும். புற்றாக இருந்து, செய்யாமல் விட்டால் ஆளே போய்விடுவார்.

"மத்த ஊர்ல என்ன சொல்றாங்க கார்மேகம்?" என்று லேப் பொறுப்பாளரைக் கேட்டார்.

"மதுரை, சென்னை, டெல்லி... மூணுலயும் புற்றுநோய்தான் மேடம்."

"பார்த்தது எந்த டாக்டர்?"

"இப்ப ஏது மேடம் டாக்டர்? எல்லாம் மெஷின். உங்க ரிப்போர்ட்டை வெச்சுப் படிச்ச மெஷின். நாடு பூரா நீங்கதான் பார்க்குறீங்க!"

மெஷினுக்குப் படிக்க ரிப்போர்ட்டுகளைக் கொடுத்ததற்காக மேடையில் போர்த்திய பொன்னாடை ஞாபகம் வந்தது. சந்தேகம் வந்தால் புற்றுநோய் என்று எழுதும் பழக்கத்தையும் மெஷின் சேர்த்தே படித்திருக்கும்.

வார்டில் ராயப்பன் நர்ஸிடம் வாயடித்துக் கொண்டிருந்தார். "வா பிலோ! மூணு ஊர்ல புற்றுநோய்னு சொல்லியாச்சாமே, உன்னையும் சேர்த்தா நாலு பேரு. அப்புறமென்ன, நாளைக்கே ஆரம்பிச்சிரு. என் வாய் ஓய்ஞ்சா உனக்கும் நிம்மதி!"

"நாலு பேரு இல்லங்க, ஒருத்திதான். அவளுக்கும் தெரியல."

ஜோக் என்று நினைத்து ராயப்பன் கடகடவென்று சிரித்தார். பிலோமினா போனை எடுத்து, அந்தச் சிரிப்பைப் பதிவு செய்துகொண்டார்.