தலத்தெரு தேள்

அன்று கல்லூரியில் இருந்தவர்கள்: முதல்வர் அல்பேர், தாவரவியல் விரிவுரையாளர் நித்யஸ்ரீ, நூலகர் பங்கஜவல்லி, வாட்ச்மேன் ரிஃபாய், ஹெட்கிளார்க் திருஞானசம்பந்தம். மொத்தம் ஐந்து பேர். அறிவிப்புப் பலகைக்கு அடியில் படுத்திருந்த நாயைச் சேர்த்தால் ஆறு.

மாணவர் ஒருவர்கூட இல்லை. மே மாதம்.

ஆனால் மாணவர்களை வைத்துத்தான் வீடியோ எடுக்க வேண்டும். தாவரவியலுக்கு இருபத்தைந்து இடம். வந்திருந்த விண்ணப்பம் நான்கு. ஜூன் பத்தாம் தேதிக்குள் எல்லா இடமும் நிரம்பாவிட்டால் துறையையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. மூடினால் நித்யஸ்ரீக்கு வேலை போய்விடும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்லூரியைத் தேடுவதே இன்ஸ்டாகிராமில்தான் என்று முதல்வருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஸ்டூடண்ட்ஸ் இல்லன்னா என்ன? நாமதான் ஸ்டூடண்ட்ஸ்" என்றார் முதல்வர்.

நித்யஸ்ரீ படம் பிடித்தாள். முதல்வர் வாசலில் நின்று வரவேற்றார். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு, சிரித்தபடி மாடிப்படி ஏறினார்கள். மூன்று மாணவர்களின் வயதையும் திருஞானசம்பந்தம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு வந்தது.

கேமரா தன் பக்கம் இருந்த பதினோரு நொடியும் அவர் வயிற்றை எக்கி மூச்சை அடக்கிக்கொண்டார். தனக்குத் தொப்பை இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை.

ஒரு வாரத்தில் அந்த வீடியோ நாற்பத்து மூன்று தடவை பார்க்கப்பட்டிருந்தது. அதில் முப்பது தடவை பார்த்தவர் முதல்வர். விண்ணப்பம் நான்கிலேயே நின்றது.

எட்டாம் நாள், 'தலத்தெரு தேள்' என்ற பெயரில் யாரோ வீடியோவுக்குக் கீழே கமெண்ட் எழுதிக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

'இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்க முப்பது வருடம் ஆகுமோ?'

'சிவப்புப் பை மாட்டிய மாணவிக்கு மூட்டுவலி போலிருக்கிறது. கைப்பிடியை விடவே மாட்டேன் என்கிறார்.'

'உண்மையான மாணவர் ஒருவர்தான். அறிவிப்புப் பலகைக்கு அடியில் படுத்திருக்கிறார்.'

'செடி கொடியைப் படித்து என்ன செய்வது? ஆடு மேய்ப்பதா?'

ரிஃபாய்க்கு வீடு தலத்தெரு. முதல்வர் அவரைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரித்தார். ரிஃபாய் சட்டைப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். விசாரணை அத்தோடு முடிந்தது.

சிவப்புப் பை மாட்டியவர் பங்கஜவல்லி. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷி. திருஞானசம்பந்தம் நூலகத்துக்குப் போய், அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாள் "பரவாயில்ல சார்" என்றதோடு சரி.

இதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு நாலு பேருக்கு வீடியோவை அனுப்பினார்கள். பழைய மாணவர்களுக்கு ரோஷம் வந்தது. நான் படித்தது ஆடு மேய்க்கவா, இன்று எனக்கு விவசாய அதிகாரி வேலை வாங்கிக் கொடுத்ததே அந்தப் படிப்புதான் என்று வரிச்சிக்குடிப் பெண் ஒருத்தி எழுதினாள். நித்யஸ்ரீ மிஸ் வீடு தேடி வந்து பாடம் சொல்லிக் கொடுத்ததால்தான் என் தங்கை பாஸ் பண்ணினாள் என்று பட்டினச்சேரியிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்தார். பாரீஸிலிருந்துகூட ஒருவர் தேளைத் திட்டினார், பாதி பிரெஞ்சில்.

தேள் விடவில்லை. தினமும் கொட்டியது. திருஞானசம்பந்தம் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, எண் போட்டுக் கோப்பில் சேர்த்தார். போலீசில் கொடுக்க வேண்டுமே. ஜூன் ஒன்பதாம் தேதி காலைவரை அறுபத்திரண்டு. அதில் தன் தொப்பையைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அறுபத்திரண்டும் மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் எழுதியவை. சாப்பாட்டு நேரம். அன்று மத்தியானம் ஒன்று அடித்ததும் கோப்போடு கிளம்பி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார்.

நூலகத்தில் பங்கஜவல்லி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் போனில் எழுதிக்கொண்டிருந்தார். திரையின் மேலே 'தலத்தெரு தேள்' என்றிருந்தது.

"நீங்களாம்மா?"

அவர் பதறவில்லை.

"முப்பது வருஷமா பாக்கறேன் சார். நல்ல புஸ்தகம்னு எடுத்துக் குடுத்தா ஒரு புள்ளையும் தொடாது. இதெல்லாம் படிக்காதீங்கன்னு சொல்லிட்டா, அன்னிக்கே அலமாரியில இருக்காது. இப்ப எத்தனை விண்ணப்பம் வந்திருக்கு?"

"இருபத்திநாலு."

"நாளைக்குக் கடைசி நாள். இன்னும் ஒன்னு வேணும். ஆனா திட்டறதுக்கு ஒன்னும் மிச்சமில்ல சார். மாடிப்படி, மூட்டுவலி, நாய் எல்லாம் ஆயிடுச்சு. முதல்வர் வழுக்கையவே ரெண்டு தடவை எழுதிட்டேன்."

திருஞானசம்பந்தம் கையிலிருந்த கோப்பினை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் தொப்பைய விட்டுட்டீங்களே."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சார்."

"எழுதுங்கம்மா. பதினோரு நொடி மூச்சப் புடிச்சிக்கிட்டிருந்தேன். அதையும் சேத்துக்குங்க."

மறுநாள் காலை கவுன்ட்டரில் முதலில் வந்து நின்ற பெண், விண்ணப்பத்தை நீட்டுவதற்கு முன்னால் எட்டி அவர் வயிற்றைப் பார்த்தாள்.

"பதினோரு நொடி சார் நீங்கதானா?"

"நான்தாம்மா" என்று எழுந்து நின்று காட்டினார் திருஞானசம்பந்தம், மூச்சை அடக்காமல்.

மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடித்தபோது இருபத்தைந்து இடமும் நிரம்பியிருந்தது. இடம் கிடைக்காமல் மிச்சம் நின்றவர்கள் மூன்று பேர்.