நாற்பத்தெட்டாம் கல்

"நீதான் கைதவறிப் போட்டிருப்ப, இங்குன். வேற எப்படி வரும்?" என்று துறைத்தலைவன் ஐவிண்ட் காப்பியை உறிஞ்சினான்.

இங்குனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நார்வேயின் பெர்கன் நகர ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கடலடிச் சேற்றைச் சலிக்கிறாள். பதினாறாயிரம் வருடங்களுக்கு முன் பனிமலைகள் கூட்டங்கூட்டமாக மிதந்துவந்து, உருகி, அட்லாண்டிக்கில் உதிர்த்த கற்கள் எந்தக் கரையிலிருந்து கிளம்பியவை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்த கற்களில் வெள்ளை மையால் எண் எழுதிவருகிறாள். நேற்றோடு நாற்பத்தேழு.

இன்று காலை சேற்றுக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு கல் வந்தது. அதில் அவள் கையெழுத்தில் நாற்பத்தெட்டு.

"நாப்பத்தெட்ட நான் இன்னும் எழுதவே இல்ல!"

"எழுதிட்டு மறந்திருப்ப. வயசாகுதுல்ல?"

"உன்னைவிட மூணு வயசு சின்னவ நான். எழுந்து வா!"

குளிரறைக்குக் கூட்டிப்போனாள். கடலடியில் எடுத்த சேற்றுத்தூணை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி வேலைக்கு. மறு பாதியை உறையிட்டு முத்திரை வைத்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. காலையில் கல் வந்த தூணின் மறு பாதியில், அவள் வேலைக்குச் சேரும் முன்பே வைத்த முத்திரை உடையாமல் இருந்தது.

"நீயே அறு."

ஐவிண்ட் அறுத்தான். நாற்பத்தெட்டு கிடைத்த அதே ஆழத்தில் இன்னொரு கல் பாதி புதைந்து கிடந்தது. நாற்பத்தொன்பது.

"இதுவும் நான் கைதவறிப் போட்டதா?"

அவன் கல்லைத் தொட்டுப் பார்த்தான். விரலில் வெள்ளை மை ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.