லாயத்துச் சத்தம்

"என்னங்க, மறுபடியும் உதைக்குதுங்க."

அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்வாசலுக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால், ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு கணவன் ஓடிக்கொண்டிருந்தான். வீட்டின் பின்சுவரை ஒட்டியே லாயம். உள்ளே முன்னங்காலில் பெரிய கட்டோடு புயல் தனியாக நின்றுகொண்டிருந்தது.

குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த வீட்டின் பிழைப்பு. இருக்கிற குதிரைகளில் புயல்தான் தலைவன். அது நடந்தால்தான் மற்றவை நடக்கும். வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்ட காலில் தகடு வைத்து, தையல் போட்டு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"லாயத்தை விட்டு வெளியே விடாதீங்க. குதிக்கக் கூடாது, உதைக்கக் கூடாது. பின்னங்காலால உதைச்சாலும் பாரம் முன்னங்காலுக்குத்தான் வரும். தகடு அசைஞ்சா இன்னொரு தடவை என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஊசி போட்டு மேல அனுப்பிவைக்க வேண்டியதுதான்."

ஓடுவதற்கென்றே பிறந்த பிராணியை நாலு சுவருக்குள் நிறுத்தி ஓய்வெடு என்றால் கேட்குமா? தலையை ஆட்டியது, சுற்றிச் சுற்றி வந்தது. அதையெல்லாம் எப்படியோ சமாளித்தார்கள். தானியத்தைக் குறைத்தார்கள். புல்லை வலைப்பையில் தொங்கவிட்டு, மெதுவாகப் பிடுங்கித் தின்று பொழுதைக் கழிக்க வைத்தார்கள். துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டிப் பார்த்தார்கள். ஆடு வலைப்பையைக் காலி செய்ததுதான் மிச்சம்.

உதைதான் நிற்கவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து டம், டம் என்று சுவர் அதிரும். விழுந்தடித்துக்கொண்டு வந்து பார்த்தால் புயல் கீழுதடு தொங்க, அரைக்கண் மூடி நின்றுகொண்டிருக்கும்.

"உதைக்கிறதையும் உதைச்சுட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நிக்கிறதைப் பாருங்க."

"தூங்கவைக்கிற மருந்தையும் கூட்டியாச்சு. இதுக்கு மேல கொடுத்தா வயித்துக்கு ஆகாதுன்னுட்டார் டாக்டர்" என்றான் கணவன்.

திரும்பும்போது மாமனாரின் அறையை எட்டிப் பார்த்தாள். குளியலறையில் விழுந்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறார். தங்கமான மனிதர். வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் வைத்துவிட்டால் போதும், இது வேண்டும் அது வேண்டும் என்று வாயைத் திறக்க மாட்டார்.

"சத்தத்துல தூக்கம் கெட்டுப்போச்சா மாமா?"

"என் தூக்கம் கிடக்குதும்மா. அது வாயில்லா ஜீவன். ஓடியாடின உடம்பு அடைஞ்சு கிடந்தா என்னதான் பண்ணும்? யாராவது பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசினா அடங்கும்."

சரி, அதையும்தான் செய்து பார்ப்போமே என்று லாயத்து வாசலில் நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். அவன் சேணத்துக்கு எண்ணெய் தடவினான். பேச்சு சூடுபிடித்தால் மாமனாரும் ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை போடுவார். பேசுகிற வரை சுவர் கப்சிப். எழுந்து உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்கிறதுக்குள் டம்.

"நம்மளைப் பார்க்காம அதால இருக்க முடியல" என்றான் கணவன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவளுக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை, பயம்தான் வந்தது.

டாக்டர் எக்ஸ்ரே பெட்டியோடு வந்தபோது மாமனார் கண்ணயர்ந்திருந்தார். சத்தமில்லாமல் குதிரையைப் பக்கவாட்டு வழியாக முன்முற்றத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தகடு கல்லு மாதிரி இருக்கு. எலும்பு நல்லாவே கூடிடுச்சு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தினமும் அந்த உதை உதைச்சுதே டாக்டர்."

டாக்டர் குனிந்து பின்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். கணுவைத் தடவிப் பார்த்தார்.

"சுவத்தை உதைச்சிருந்தா இங்க வீங்கியிருக்கும். குளம்பு சிதறியிருக்கும். ஒரு கீறல்கூட இல்லையே. இது உதைச்சதை உங்கள்ல யாராவது கண்ணால பாத்தீங்களா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டதுண்டு. பார்த்தது கிடையாது.

டம்.

டாக்டரின் தோளுக்குப் பக்கத்தில் புயல் சாவதானமாகப் புல்லை மென்றுகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மறுபடியும் டம், டம்.

பழகிய கால்கள் லாயத்துக்கே ஓடின. உள்ளே வைக்கோலைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் இன்னொரு தடவை அதிர்ந்து, சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் அப்போதுதான் யோசித்தாள்.

அவள் அறைக்குள் நுழைந்ததும் மாமனார் கைத்தடியை அவசரமாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"புயல் இன்னிக்கு ரொம்பத்தான் உதைக்குதும்மா" என்றார். "கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போங்களேன்."