பத்துத் தொன் ஆறுதல்

"உங்களுக்கென்ன விசரே? தங்கச்சியைக் குண்டுக்குப் பறிகுடுத்த மனுசியை, குண்டு பாக்கவோ கூட்டிக்கொண்டு போறியள்?"

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் கௌசி. காறித் துப்பாத குறைதான்.

றமணன் மனைவியை மெல்ல விலக்கினான். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். அக்கா ஜெயகௌரியின் கோட்டை எடுத்துக் கொடுத்து, ரெயிலுக்குக் கூட்டிப் போனான்.

2009 ஜனவரியில், கடைசித் தங்கை வத்சலா வன்னியிலிருந்து லண்டனில் இருந்த ஜெயகௌரிக்குப் போன் எடுத்தாள். சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிடுகுது, நானும் வெளிக்கிடவோ என்று கேட்டாள்.

"வேண்டாம், பங்கருக்குள்ளயே இரு" என்றாள் ஜெயகௌரி. வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும்.

மறுநாள் அந்தப் பதுங்குகுழிக்கு மேலேயே குண்டு விழுந்தது.

அதற்குப் பிறகு ஜெயகௌரிக்குச் சோறும் இல்லை, நித்திரையும் இல்லை. "வெளிக்கிட்டிருந்தால் தப்பியிருப்பாளே. நான்தானே அவளைச் சாகக் குடுத்தனான்" என்று ஓயாத புலம்பல். அவள் தொடங்கினால் றமணன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஹெண்டன் விமானப்படை மியூசியத்தில் அந்தக் குண்டு நாலு ஆள் நீளத்துக்குக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில், அணுகுண்டு வருமுன் போட்டவற்றில் இதுதான் பெரியது. பத்துத் தொன்.

"இது நிலத்துக்குள்ள ஆழமா இறங்கிப் பிறகுதான் வெடிக்குமாம் அக்கா. கொங்கிரீட்டையே துளைச்சிடுமாம். எங்கட மண்மூட்டை பங்கர் எந்த மூலைக்கு?"

ஜெயகௌரி அதை ஒருமுறை சுற்றி வந்தாள். "வத்சலாவுக்கு மேல விழுந்ததும் இதுதானோ? அந்தாளிட்டைக் கேள்."

அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. அந்தத் தைரியத்தில்தான் றமணன் வந்ததே. காவலுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் கேட்டான்.

கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். நாற்பத்தைந்துக்குப் பிறகு இதை எந்தப் போரிலும் போட்டதில்லை, உங்கள் நாட்டில் விழுந்தது இதைவிட எவ்வளவோ சின்னதாகத்தான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

"என்னவாம்?"

"ஓமாம் அக்கா. இதே சாதிதானாம். உள்ளுக்க இருந்தாலும் வெளிய ஓடினாலும் ஒருத்தரும் தப்ப ஏலாதாம்."

சொன்ன வாய் கூசியது. ஆனால் ஜெயகௌரி பெருமூச்சு விட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"அப்ப சரி தம்பி. ஒருத்தரிலயும் பிழையில்லை."

றமணனுக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. பொய்தான், ஆனாலும் இறங்கியது.

வெளியே போகும்போது ஜெயகௌரி கிழவர் முன்னால் நின்றாள். "நன்றி சேர். நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள்" என்றாள், நல்ல இங்கிலீஷில்.

றமணன் நடுவழியில் நின்றுவிட்டான்.

"அக்கா... உங்களுக்கு இங்கிலீஷ்..."

"லைப்ரரி வகுப்புக்குச் சும்மாவே போய் வாறன்?"

"பிறகேன் சரியெண்டு சொன்னனீங்கள்?"

அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்காகத்தான். அவள் போன் எடுத்த அண்டைக்குப் பக்கத்தில நிண்டு, 'பங்கருக்குள்ளயே இருக்கச் சொல்லுங்கோ அக்கா' எண்டது நீயெல்லே தம்பி? அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."