கதவுக்குப் பின்னால் ஒரு தொட்டி

“கட்டுரையில என் பேரைப் பத்திப் பேசணும், சார்.”

பேராசிரியரிடம் அதை மட்டும் கேட்காதே, ஆராய்ச்சிப் பட்டமே போய்விடும் என்று சீனியர்கள் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

கண்ணாடிக் கூடத்தில் தண்ணீர் விடாத கோதுமை வரிசை ஒன்று கருகிக் கிடந்தது. அதே போலத் தண்ணீர் விடாமல், வேரில் பாக்டீரியா மட்டும் கலந்த வரிசை வாடாமல் நின்றது. அதுதான் கட்டுரை.

அவர் சிரித்தார். “உங்க வீட்டுக்கே முதல் பட்டதாரி நீ. கடைசிப் பேரா வந்தாலே உங்கப்பா ஊரெல்லாம் காட்டுவாரே! சரி, ரெண்டாவதா போடறேன். போதுமா?”

“எடுத்துடுங்க.”

“என்னது?”

“என் பேரே வேண்டாம். ஆளில்லாத நேரம் பார்த்து, டீ கப்புல மொண்டு மொண்டு பாக்டீரியா வரிசைக்குத் தண்ணி ஊத்துனீங்களே, பார்த்தேன்.”

பதறிப்போய்க் கூடத்தின் தகரக் கதவைச் சாத்தினார். அதன் பின்னால் மறைந்திருந்த, அதே பாக்டீரியா கலந்த கோதுமைத் தொட்டி ஒன்று தெரிந்தது.

“இதுக்கு மட்டும் ஊத்த மறந்துட்டீங்க. மண்ணு வெடிச்சிருக்கு, பயிர் பச்சைப்பசேல்னு நிக்குது. பாக்டீரியா ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு, சார். இங்க வேலை செய்யாதது நீங்க ஒருத்தர்தான்.”

தொட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் சாத்திய கதவைத் திறந்து வெளியே நடந்தேன்.